உங்களுக்குத் தெரியுமா? ரிமோட்டுக்கும் திரைக்கும் நடுவே

● ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியபோது, சுமார் 12,000 ஆண்டுகள் பழமையான கற்கருவிகள் கிடைத்தன. மண்ணுக்குள் வெகு ஆழத்தில் அல்ல, முக்கால் மீட்டரிலேயே. அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரத்தில், 2007 முதல் சாம்சங் ஆலை இயங்குகிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினோடு டிவியும் அங்கே தயாராகிறது. 2018-இல் டிவி தயாரிப்பு மட்டும் நின்றுபோனது, பிறகு மீண்டும் தொடங்கியது. கைக்கு அடங்கும் கருவிகள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதால், இந்த முறை ரிமோட்டை எடுத்துக்கொள்வோம். குறிப்பாக, அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் விரியும் நிகழ்ச்சி அட்டவணையை. வீட்டில் அதை 'கைடு' என்கிறோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் ஆவணங்களில் அதன் பெயர் இ.பி.ஜி.

● சேனல்களும் நேரமும் வரிசை வரிசையாக ஓடும் திரை அட்டவணை அமெரிக்காவில் 1981-இல் வந்தது. அப்போது அதற்கென்று செட்டாப் பாக்ஸ் கிடையாது. ரிமோட்டால் நகர்த்தவும் முடியாது. அது ஒரு தனிச் சேனல். பட்டியல் தானாக மேலே உருண்டுகொண்டே இருக்கும். வேண்டிய வரி தவறிவிட்டால் முழுச் சுற்றும் முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னாளில் 'பிரிவியூ கைடு' என்று பெயர் பெற்ற அந்தச் சேனலை, கேபிள் அலுவலகங்களில் வைத்திருந்த அமிகா என்ற வீட்டுக் கணினிகள் ஓட்டின. கணினி நின்றுபோனால் அதன் பிழைச் செய்தி ஊர் முழுக்க அந்தச் சேனலைப் போட்டிருந்த எல்லா வீட்டுத் திரையிலும் சிவப்பாகத் தெரியும்.

● உங்கள் ரிமோட்டில் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நான்கு பொத்தான்கள் இருக்கின்றனவா? பலர் அவற்றைத் தொட்டதே இல்லை. அவை பிரிட்டனின் டெலிடெக்ஸ்ட் காலத்தவை. பிபிசி 1974-இல் தொடங்கிய 'சீஃபேக்ஸ்' சேவையில் செய்தி, வானிலை, நிகழ்ச்சி நேரம் எல்லாம் எழுத்துப் பக்கங்களாக வந்தன. முதலில் பக்க எண்ணை அழுத்தித்தான் போக வேண்டும். 1980-களின் பிற்பகுதியில், திரையின் அடியில் நான்கு நிறத்தில் நான்கு தலைப்புகளைக் காட்டி, அதே நிறப் பொத்தானை அழுத்தினால் போதும் என்றாக்கினார்கள். எண்ணை மனப்பாடம் செய்யும் வேலை ஒழிந்தது. நம் தூர்தர்ஷனும் 1985-இல் டெல்லியில் 'இன்டெக்ஸ்ட்' என்ற பெயரில் டெலிடெக்ஸ்ட் தொடங்கியது. அது நம் ஊர்ப் பக்கம் பரவவில்லை. பொத்தான்கள் மட்டும் வந்து சேர்ந்தன.

● கைடு இல்லாத காலத்தில் தமிழர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அகில இந்திய வானொலி 'வானொலி' என்ற பெயரிலேயே தமிழில் நிகழ்ச்சி இதழ் நடத்தியது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது ஒரே சேனல். மாலையில் சில மணி நேரம். வெள்ளி என்றால் ஒளியும் ஒலியும், ஞாயிறு மாலை என்றால் படம். ஊரே அட்டவணையை மனத்தில் வைத்திருந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி வந்த பிறகுதான் 'இப்போது எதில் என்ன ஓடுகிறது' என்ற கேள்வியே வீட்டுக்குள் நுழைந்தது.

● அந்தக் கேபிள் காலத்தில் சேனலின் அதிர்வெண்ணே அதன் முகவரி. பழைய டிவிகள் பலவற்றில் பன்னிரண்டு சேனல் வரைதான் ஏறும். அதனால் 'பிரைம் பேண்ட்' என்ற முதல் வரிசைக்கு அடிபிடி. கேபிள் டிவி சட்டத்தின் 2000-ஆம் ஆண்டுத் திருத்தம், தூர்தர்ஷனின் குறிப்பிட்ட சேனல்களை அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும் என்று சொன்னது. பிடிக்காத சேனலைக் கடைசிக்குத் தள்ளி, புள்ளி புள்ளியாகத் தெரியும்படி செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு தமிழ்நாட்டு அரசியலில் எத்தனையோ முறை எழுந்திருக்கிறது. ஒரு சேனலை மக்களிடமிருந்து மறைக்க அதை நிறுத்த வேண்டியதில்லை, தேடினால் கிடைக்காத இடத்தில் வைத்தாலே போதும் என்பதைக் கேபிள் தொழிலில் இருந்தவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

● கம்பியில்லா ரிமோட்டின் தொடக்கம் 1955. ஜெனித் நிறுவனத்தின் யூஜின் பாலி, டிவியின் நான்கு மூலைகளில் ஒளி உணரிகளை வைத்து, டார்ச் போன்ற கருவியால் ஒளியடித்து இயக்கும்படி செய்தார். வெயில் பட்டாலும் சேனல் மாறியது என்பது அதன் குறை. அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தின் ராபர்ட் ஆட்லர், காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கும் ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதற்கு பேட்டரியே தேவைப்படவில்லை.

● கைடு வடிவமைப்பில் முதல் சிக்கல் இதுதான்: கணினியில் எலி இருக்கிறது, போனில் விரல் இருக்கிறது, டிவியில் இரண்டும் இல்லை. மேல், கீழ், இடம், வலம், ஓகே, பேக். இந்த ஆறுக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஆகவே 'இப்போது நான் எங்கே நிற்கிறேன்' என்பது எந்த நொடியிலும் பளிச்சென்று தெரிய வேண்டும். தேர்வாகியிருக்கும் கட்டத்துக்கும் மற்றவற்றுக்கும் நிறத்தில் மட்டும் லேசான வித்தியாசம் காட்டும் பாக்ஸ்கள் இன்றும் இருக்கின்றன. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு வெளிர்நீலத்துக்கும் கருநீலத்துக்கும் வேறுபாடு தெரியாது. கட்டம் பெரிதாக வேண்டும், அல்லது தடித்த கரை வேண்டும், அல்லது எழுத்தும் பின்புலமும் நிறம் மாறி நிற்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது.

'பேக்' பொத்தானுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கைடில் எங்கே சுற்றினாலும் அதை அழுத்தினால் முன்பு பார்த்துக்கொண்டிருந்த சேனல் வர வேண்டும். வராவிட்டால், வயதானவர்கள் அடுத்த முறை கைடு பக்கமே போக மாட்டார்கள். தொலைந்துவிடுவோம் என்ற பயம் ஒருமுறை வந்தால் போதும், எத்தனை வசதி வைத்தாலும் பயனில்லை.

● ரிமோட்டில் '1' அழுத்தியதும் சேனல் ஏன் உடனே மாறுவதில்லை? அடுத்து 0 வருமா, 5 வருமா என்று பாக்ஸ் காத்திருக்கிறது. பொதுவாக இரண்டு, மூன்று வினாடி. குறைத்தால் கை நடுங்குபவர்கள் இரண்டாம் எண்ணை அழுத்துவதற்குள் வேறு சேனல் வந்துவிடும். கூட்டினால் இளைஞர்களுக்குப் பொறுமை போய்விடும். எண்ணை அழுத்திய கையோடு ஓகே அழுத்தினால் காத்திருக்காமல் மாறும்படி பல பாக்ஸ்களில் வழி வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள்.

● கரன்ட் போய் வந்ததும் கைடில் 'தகவல் இல்லை' என்று வருகிறதே, அது பழுது அல்ல. நிகழ்ச்சி விவரம் படத்தோடு சேர்ந்தே, தனிச் சிறு பொட்டலங்களாக, திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது. ஐரோப்பிய டி.வி.பி. தரம்தான் இந்தியாவிலும் புழங்குகிறது. அதன்படி, ஒரு சேனலில் இப்போதைய நிகழ்ச்சி, அடுத்த நிகழ்ச்சி ஆகிய இரண்டின் விவரமும் இரண்டு வினாடிக்கு ஒருமுறை வர வேண்டும். வரும் நாட்களின் அட்டவணை அதைவிட மெதுவாகச் சுற்றும். பாக்ஸ் விழித்தெழுந்து, அந்தச் சுற்றில் வருவதைப் பிடித்துப் பிடித்துத்தான் கட்டங்களை நிரப்புகிறது. நல்ல வடிவமைப்பாளர் அந்த இடைவெளியில் 'தகவல் இல்லை' என்று எழுத மாட்டார். 'விவரம் வந்துகொண்டிருக்கிறது' என்று எழுதுவார். ஒரே ஒரு வரி மாற்றத்தால் எத்தனையோ பேர் கேபிள்காரருக்கு போன் செய்வது மிச்சமாகும்.

● அந்தப் பொட்டலத்துக்குள் தேதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? நாள், மாதம், ஆண்டு என்று அல்ல. 1858 நவம்பர் 17 தொடங்கி இன்றுவரை எத்தனை நாள் என்ற ஒற்றை எண்ணாக. வானியலாளர்கள் பயன்படுத்தும் நாள் கணக்கு அது. அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் 16 பிட். அதாவது 65,535 வரைதான் எண்ண முடியும். அந்த எண் வரும் நாள் 2038 ஏப்ரல் 22. இன்று ஆலையில் பேக்கிங் ஆகி வெளியேறும் டிவி பெட்டிகளில் சிலவாவது அன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

● நேரமும் அப்படித்தான்: சிக்னலில் வருவது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணியைக் கூட்டி இந்திய நேரமாகக் காட்டுவது பாக்ஸின் வேலை. கூட்டத் தவறினால் இரவு 9 மணி சீரியல், கைடில் பிற்பகல் 3.30-க்குப் போய் உட்காரும். இலங்கை 1996 முதல் 2006 வரை நம்மைவிட முன்னால் ஓடும் கடிகாரத்தை வைத்திருந்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அதன் பிறகு யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் நிகழ்ச்சி நேரம் ஒன்றேதான்.

● கைடின் ஒரு பத்தி பெரும்பாலும் அரை மணி நேரம். நம் சீரியல்கள் அரை மணி நேரமாகவே வருவதால் கட்டத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இரண்டரை மணிப் படத்தின் பெயர் எங்கோ இடது ஓரத்தில் தொடங்கியிருக்கும். நீங்கள் வலப்பக்கம் நகர்ந்தால் பெயர் திரையை விட்டே போய், வெறும் பட்டை மட்டும் நீளமாக நிற்கும். படம் ஓடும்வரை பெயரும் கூடவே நகர்ந்து கண்ணில் பட வேண்டும். இதைச் செய்யாத கைடுகள்தான் அதிகம்.

● இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கைடில் தமிழ் நிகழ்ச்சியின் பெயர் ஏன் பல நேரம் ஆங்கில எழுத்தில் வருகிறது?

ஒரு நிகழ்ச்சியின் பெயருக்கும் சிறுகுறிப்புக்கும் சேர்த்து அந்தப் பொட்டலத்தில் கிடைக்கும் இடம் சுமார் 250 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். 250 எழுத்து எழுதலாம். தமிழ் யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் அனுப்பினால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் செலவாகும். நம் எழுத்துகள் பல ஒரு குறியில் அடங்காது: எழுத்துக்கு ஒன்று, அதன் புள்ளிக்கோ கொம்புக்கோ காலுக்கோ இன்னொன்று. 'தொலைக்காட்சி' என்பதையே எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து: தொ, லை, க், கா, ட், சி. உள்ளே பன்னிரண்டு குறி. முப்பத்தாறு பைட். அதாவது கிடைத்த இடத்தில் ஏழில் ஒரு பங்கு ஒரே சொல்லுக்குப் போய்விடுகிறது. மொத்தமாகப் பார்த்தால் நமக்குக் கிடைப்பது நாற்பது, நாற்பத்தைந்து எழுத்துதான். ஒரு குறிக்கு இரண்டு பைட் மட்டும் எடுக்கும் முறையும் அதே தரத்தில் உண்டு. நீண்ட குறிப்புகளுக்குத் தொடர் பொட்டலங்களும் உண்டு. வழி இருக்கிறது, செய்ய மனம் வேண்டும்.

இதைவிடக் கொடுமை, வெட்டுவது. 20 பைட்டோடு நிறுத்து என்று யாரோ ஆங்கிலத்தை மனத்தில் வைத்து நிரல் எழுதியிருந்தால், 'தொலைக்' வரை வந்து, ஏழாவது குறி பாதியில் அறுந்து, கடைசியில் ஒரு கேள்விக்குறியோ வெற்றுக் கட்டமோ நிற்கும். எழுத்து முடியும் இடம் பார்த்து வெட்ட வேண்டும். புள்ளியும் கொம்பும் காலும் தம் எழுத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தாலே இது நடக்காது.

● ஒரு டிவியோ பாக்ஸோ தமிழை ஒழுங்காகக் காட்டுகிறதா என்று சோதிக்க வேறு எங்கும் போக வேண்டாம். 'ஸ்ரீபெரும்புதூர்' என்று திரையில் வரவையுங்கள். முதலில் வரும் 'ஸ்ரீ' உள்ளே நான்கு குறி. நான்கும் ஒரே வடிவமாகச் சேர வேண்டும். சேராவிட்டால் ஸ், ரீ என்று பிரிந்து நிற்கும். அடுத்து 'பெ'. கணினி நினைவில் ப முதலில், கொம்பு அடுத்து. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். தமிழ் தெரியாத பாக்ஸ் அதைப் பின்னால் போட்டு, கூடவே புள்ளி வட்டம் ஒன்றையும் காட்டும். 'ரு', 'பு', 'தூ' மூன்றும் உகர ஊகார வடிவங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் வளைவு வேறு. ஏழே எழுத்தில் இத்தனை சோதனையும் முடிந்துவிடுகிறது.

புள்ளிக்கு 'வடக்குப்பட்டு' போதும். க், ப், ட் என்று மூன்று புள்ளி. டிவி ஆலைகளில் பெட்டி லைனை விட்டு இறங்கியதும் சில நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். 'ஏஜிங்' என்பார்கள். படம், ஒலி, இணைப்புத் துளைகள் எல்லாம் பார்க்கப்படும். இந்த வட்டாரத்தில் தயாராகும் எந்தப் பெட்டியிலும் மெனுவைத் தமிழில் போட்டு இந்த இரண்டு ஊர்ப் பெயரையும் ஒருமுறை காட்டிப் பார்த்தால், தமிழ்நாட்டு வீடுகளுக்கு அதைவிடப் பெரிய தரச் சான்று வேண்டாம்.

● புள்ளிக்கு இன்னொரு எதிரி இருந்தது: பழைய குழல் டிவி. நாம் பயன்படுத்திய 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் படத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. அவற்றில் ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறை என்று மாறி மாறி வரையப்படும். ஒரே கோடு உயரத்தில் வைத்த புள்ளி, வினாடிக்கு 25 முறை மட்டுமே எரிந்து படபடக்கும். கண்ணை உறுத்தும், சில பெட்டிகளில் கரைந்தே போகும். புள்ளி போனால் 'வடககுபபடடு'. ஆகவே அந்தத் திரைகளுக்குப் புள்ளியும் கட்டக் கோடுகளும் இரண்டு கோடு தடிமனாவது இருக்க வேண்டும்.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006-இல் தொடங்கியது. சுமார் 1.6 கோடி வீடுகளுக்கு 14 அங்குலக் குழல் டிவி போய்ச் சேர்ந்தது. அந்தத் திரையின் உயரம் ஏறக்குறைய 20 செ.மீ. அதில் 20 கோடு உயரத்துக்கு எழுதிய எழுத்து முக்கால் செ.மீ.கூட இராது. பிறகு அதே டிவிகளில்தான் செட்டாப் பாக்ஸை மாட்டினார்கள். பெரிய எல்.இ.டி. திரையைப் பார்த்து வரைந்த கைடை, கூடத்தின் மறுகோடியில் பாயில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப் படிப்பார்?

● குழல் டிவியில் படத்தின் ஓரங்கள் சட்டத்துக்குள் மறைந்துவிடும். அதனால் எழுத்தை நடுவில் 80 முதல் 90 சதவீதத்துக்குள் வைப்பது வடிவமைப்பாளர்களின் பழைய விதி. கைடின் கடைசி வரி பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால், விதியை மறந்துவிட்டார்கள் என்று பொருள்.

● கைடில் எந்தச் சேனல் எங்கே என்பது கேபிள்காரர் விருப்பம் மட்டும் அல்ல. 2017 மார்ச்சில் டிராய் வெளியிட்ட விதிகளின்படி சேனல்களை வகைவாரியாக அடுக்க வேண்டும்: பக்தி, பொழுதுபோக்கு, செய்தி, படம், இசை, குழந்தைகள், விளையாட்டு என்று. ஒரு வகைக்குள் ஒரே மொழிச் சேனல்கள் அடுத்தடுத்து வர வேண்டும். ஒரு சேனலுக்கு ஒரே இடம், ஒரே எண். கொடுத்த எண்ணை நினைத்தபோது மாற்றவும் கூடாது. குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும்.

கட்டணமும் சேனல் தொகுப்பும் சேர்ந்த இந்த ஏற்பாடு அப்படியே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. ஸ்டார் இந்தியாவும் விஜய் டிவியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2018 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி மே மாதம் டிராய் பக்கம் நின்றார். உச்ச நீதிமன்றம் அக்டோபர் 30 அன்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதன் பிறகுதான் 2019-இல் புதிய முறை வந்தது. சேனல்களின் விலையை 999-ஆம் எண்ணில் பார்த்துக்கொள்ளலாம் என்ற அறிவிப்பும் அப்போது வந்ததுதான்.

● வகை முதலில், மொழி அடுத்து என்ற வரிசை நம் வட்டாரத்துக்குச் சரியா? வடக்குப்பட்டு, ஒரகடம், வல்லம் பக்கத்து வாடகை அறைகளில் திருவண்ணாமலை, விழுப்புரம் பிள்ளைகளும், ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்களும் ஷிப்ட் முடிந்து வந்து டிவி போடுகிறார்கள். அவரவருக்கு முதலில் தேவை அவரவர் மொழி. செய்தியா பாட்டா என்பது அடுத்த கேள்வி. மலேசியாவில் 1996 முதல் ஒளிபரப்பும் ஆஸ்ட்ரோ, இந்திய மொழிச் சேனல்களை 200 வரிசையில் ஒன்றாக வைத்தது. அதன் தமிழ்ச் சேனலான வானவில்லின் எண் 201. 2-இல் தொடங்கும் எண் என்றாலே இந்திய மொழிப் பக்கம்தான். அதே ஆஸ்ட்ரோ பங்குதாரராகச் சேர்ந்துதான் பின்னாளில் இங்கே சன் டைரக்ட் தொடங்கியது. கைடைத் திறந்ததும் 'தமிழ், ஹிந்தி, ஒடியா, தெலுங்கு' என்று மொழியை முதலில் கேட்டு, உள்ளே வகை பிரிக்கும் வசதி எல்லாப் பாக்ஸிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எண்ணை மாற்றாமலே அதைச் செய்ய முடியும். மென்பொருளில் ஒரு வடிகட்டி போதும்.

● பாக்ஸை ஆன் செய்ததும் நீங்கள் கேட்காத ஒரு சேனல் வந்து நிற்கிறதா? அதற்கு 'லேண்டிங் பேஜ்' என்று பெயர். அந்த இடம் விலைக்கு விற்கப்படுவது உண்டு. நீங்கள் வேறு சேனலுக்குப் போகும்வரையான சில வினாடிகள் பார்வையாளர் கணக்கை ஏற்றிவிடும் என்பதால், ரேட்டிங் கணக்கிடப்படும் சேனல்களை அங்கே வைக்கக் கூடாது என்று டிராய் 2018-இல் உத்தரவிட்டது. தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் 2019-இல் அந்த உத்தரவை ரத்து செய்தது. கடைசியாகப் பார்த்த சேனலே திரும்ப வருவதுதான் பார்ப்பவருக்குச் செய்யும் மரியாதை.

● ரிமோட்டில் 5-ஆம் எண் மீது தடவிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சிறு மேடு இருக்கும். பார்வையற்றவர்கள் அதை வைத்தே மற்ற எண்களை அறிவார்கள். ஆனால் கைடு திறந்தால் அவர்களுக்கு எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், திரை மெனுக்களைப் பார்வையற்றோரும் பயன்படுத்தும்படி செய்ய வேண்டும் என்றது. காம்காஸ்ட் நிறுவனம் 2014-இல் பேசும் கைடைக் கொண்டுவந்தது: எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்களோ அந்த நிகழ்ச்சியின் பெயரும் நேரமும் வாய்விட்டுச் சொல்லும். தமிழை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் இன்று போனிலேயே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கும், கண் மங்கியவர்களுக்கும் ஒரே மருந்து இது. நம் கேபிளிலும் டி.டி.ஹெச்.சிலும் அது பரவலாக வராமல் இருப்பது பெரும் குறை.

● தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007-இல் உருவானது. 2011-இல் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தரத் தொடங்கியது. டிஜிட்டல் உரிமம் கிடைத்த 2017-இல் இலவச செட்டாப் பாக்ஸ்களை வழங்கியது. அரசின் பெயரில் வீட்டுக்கு வரும் பாக்ஸின் முதல் திரை தமிழில் இருப்பது சலுகை அல்ல, கடமை.

● மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் டி.டி.ஹெச். சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. இன்று அதன் பெயர் டிடி ஃப்ரீ டிஷ். பாக்ஸ் இல்லாமல், டிஷ் ஆண்டெனாவை நேரே டிவியிலேயே மாட்டி இலவசச் சேனல்களைப் பார்க்கும் வகையில் டிவி தயாரிப்பதற்கு இந்தியத் தரநிலை அமைப்பு ஐ.எஸ். 18112:2022 என்ற தரத்தை வெளியிட்டது. அப்படிப்பட்ட டிவியில் கைடை வடிவமைக்கும் பொறுப்பு கேபிள்காரரிடமிருந்து டிவி தயாரிப்பாளருக்கு வந்துவிடும். அந்தத் தயாரிப்பாளர்களில் சிலர் நம் பக்கத்து ஆலைகளில்தான் இருக்கிறார்கள்.

● ஸ்மார்ட் டிவி வந்த பிறகு கட்டம்போட்ட கைடு பின்வாங்கிவிட்டது. எல்.ஜி. 2014-இல் வெப்ஓஎஸ் மென்பொருளையும், சாம்சங் 2015-இல் டைசன் மென்பொருளையும் டிவியில் கொண்டுவந்தன. இப்போது திரையில் படங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பழைய கைடில் எல்லாச் சேனலும் ஒரே அளவுக் கட்டத்தில் சமமாக இருந்தன. புதிய திரையில் எது பெரிதாக, எது முதலில் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். கட்டத்தின் அருமை இப்போதுதான் தெரிகிறது.

● இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். மெனுவில் செட்டிங்ஸ் போய் மொழியைப் பாருங்கள். தமிழ் இருந்தால், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அதையே வையுங்கள். அம்மாவோ பாட்டியோ தினமும் பார்க்கும் ஏழெட்டுச் சேனல்களை 'ஃபேவரிட்' பட்டியலில் சேர்த்து, அந்தப் பொத்தானை அவர்கள் கையாலேயே இரண்டு முறை அழுத்த வையுங்கள். சேனல் எண் திடீரென்று மாறினால் கேபிள் அலுவலகத்தில் காரணம் கேளுங்கள். எண் ஓராண்டாவது அப்படியே இருக்க வேண்டும் என்று டிராய் எழுதிவைத்தது உங்களுக்காகத்தான்.